தேதி தெரிந்த நெல்

2019 சித்திரைக் கடைசியில் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். சொர்ணவாரிப் பட்டத்தில் சம்பா விதையை விட்டேன். விவசாயம் தெரிந்தவர்கள் இந்த வரியோடு சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சென்னையில் இருந்து படிக்கிறவர்களுக்குத்தான் மிச்சக் கதை.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில், செய்யாற்றுப் பக்கம். இங்கே நெல்லுக்கு மூன்று பட்டம். சித்திரையில் விதைத்து ஆடி, ஆவணியில் அறுப்பது சொர்ணவாரி. ஆடி, ஆவணியில் விதைத்துத் தையில் அறுப்பது சம்பா. மார்கழியில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் அறுப்பது நவரை. தண்ணீர் இருந்தால் மூன்றும் உண்டு. இல்லையென்றால் ஏரி நிரம்பிய வருடம் சம்பா மட்டும்.

அந்த வருடம் ஒரு நண்பர் வயலில் நீண்ட நாள் சம்பா ஒன்றைப் பார்த்தேன். ஆள் உயரம், கதிர் ஒவ்வொன்றும் கைநீளம். சோறு சாப்பிட்டுப் பார்த்தேன், மனசு நின்றுபோச்சு. அரை மூட்டை விதை வாங்கிவந்தேன். ஆடி வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது. "நூற்றைம்பது நாள் பயிர்தானே, இப்பவே விட்டா புரட்டாசியில அறுத்துடலாம், மழைக்கும் தப்பிச்சுடும்" என்று கணக்குப் போட்டேன். மொத்தம் ஒன்றரை ஏக்கர்.

பயிர் அற்புதமாக வந்தது. தூர் கட்டியது, கருகருவென்று பச்சை. ஆவணி வந்தது, மார்பு உயரம். புரட்டாசி வந்தது, தலை உயரம். கதிரைத்தான் காணோம். தண்டைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்ப்பேன், சூல் பிடித்த அடையாளமே இல்லை. வெறும் புல். பக்கத்து வயல்காரர்கள் சொர்ணவாரி அறுத்து, உழுது, அடுத்த நாற்றே நட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரம்மா, "மாட்டுக்காவது அறுத்துப் போடுங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். அப்பவே எண்பதைத் தாண்டியவர். வரப்பில் வந்து நின்று ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இன்னா தம்பி, எப்ப விட்டே?"

"சித்திரைக் கடைசில தாத்தா."

"சித்திரையில விட்டாலும் சரி, ஆடியில விட்டாலும் சரி. அது கார்த்திகையிலதாம்பா பூக்கும். அதுக்குத் தேதி தெரியும்."

ஐப்பசி மழையில் பயிர் பாதி சாய்ந்துபோச்சு. நின்ற மிச்சம் கார்த்திகையில் பூத்தது, பெரியவர் சொன்ன மாதிரியே. அதைவிட வேடிக்கை, விதை கொடுத்த நண்பர் ஆடியில் விட்ட அதே நெல்லும் அந்த வாரம்தான் பூத்தது. எனக்கும் அவருக்கும் விதைப்பில் இரண்டு மாதத்துக்கு மேல் வித்தியாசம், பூப்பில் வித்தியாசம் ஒரு வாரம்கூட இல்லை. அவருக்கு ஏக்கருக்கு இருபது மூட்டைக்கு மேல். எனக்கு ஒன்றரை ஏக்கருக்கும் சேர்த்து ஆறு.

"அதுக்குத் தேதி தெரியும்" என்ற பேச்சு என்னை விடவில்லை. நெல்லுக்கு எப்படித் தேதி தெரியும்? அன்றைக்கு ஆரம்பித்துத் தேடிப் படித்ததன் கதைதான் இந்தப் பதிவு. படிக்கப் படிக்க இது என் ஒன்றரை ஏக்கர் கதை மட்டும் இல்லை, காஞ்சிபுரத்து ஏரிகளின் கதை என்று தெரிந்தது.

இரவை அளக்கும் இலை

முதலில் புகையிலை. அமெரிக்காவில் மேரிலாண்ட் மம்மத் என்று ஒரு புகையிலை ரகம். கோடையில் ஆளைத் தாண்டி வளரும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சின்னச் செடியிலேயே பூத்துவிடும். அதே மாதிரி பிலாக்சி என்று ஒரு சோயா. வாரங்கள் இடைவெளி விட்டு வெவ்வேறு நாளில் விதைத்தாலும் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பூத்தன. என் சம்பா கதையேதான்! கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அரசு விஞ்ஞானிகள் வெப்பம், உரம், ஈரம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் கோடையில் செடிகளைச் சாயங்காலமே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, மறுநாள் வெயில் ஏறின பிறகு வெளியே எடுத்தார்கள். செடி பூத்தது. பகல் எவ்வளவு நீளம் என்பதைச் செடி பார்க்கிறது என்று 1920-ல் எழுதினார்கள்.

1938-ல் வேறு இருவர், ஹாம்னர், பானர், இன்னொரு படி போனார்கள். செடி உண்மையில் அளப்பது பகலை இல்லை, இரவை. நீளமான இரவின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால் போதும், செடி அந்த இரவைக் கணக்கில் சேர்க்காது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

வெளிச்சத்தைப் பார்ப்பது இலை. இலைக்குள் பைட்டோகுரோம் என்ற ஒரு நிறமி இருக்கிறது, 1959-ல் கண்டுபிடித்தார்கள். பூப்பது தண்டின் குருத்து. அப்படியென்றால் இலையில் இருந்து குருத்துக்கு ஏதோ ஒரு தகவல் போக வேண்டும். சைலாக்கியான் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1930-களிலேயே அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லி, அதற்கு ஃபுளோரிஜென் என்று பேரும் வைத்துவிட்டார். ஆனால் அது என்ன என்று எழுபது வருடம் யார் கையிலும் சிக்கவில்லை. 2007-ல்தான் நெல்லில் அதைப் பிடித்தார்கள். அது ஒரு சின்னப் புரதம். இரவு போதுமான அளவு நீண்டதும் இலையில் உண்டாகி, சாறு போகும் குழாய் வழியாகக் குருத்துக்குப் போகிறது. அது போய்ச் சேர்ந்ததும் குருத்து இலை போடுவதை நிறுத்திவிட்டுக் கதிர் போட ஆரம்பிக்கிறது.

காஞ்சிபுரம் பூமத்திய ரேகைக்குப் பக்கம். ஐரோப்பா மாதிரி கோடையில் ராத்திரி ஒன்பது மணி வரை வெயில், குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டு என்பதெல்லாம் இங்கே கிடையாது. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குட்டையான பகலுக்கும் நடுவே வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது தெரியவே தெரியாது. ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசம் ஒரு நிமிஷம்கூட வராது. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து இந்த நெல் தேதி சொல்கிறது. புரட்டாசி முடிந்து பகல் பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்குகிறபோது சம்பாவுக்குச் சேதி போய்ச் சேரும். உள்ளே கதிர் உருவாக ஆரம்பிக்கும். அங்கிருந்து ஒரு மாதம் சொச்சத்தில் பூ. பூத்து ஒரு மாதத்தில் அறுப்பு. பொங்கல்.

ஒரு மணி நேரக் கல்யாணம்

இத்தனை கறாராக ஏன் தேதி பார்க்க வேண்டும்? நெற்பூ பூப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

நெற்பூவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியதும் உமி இரண்டும் லேசாக விரியும். உள்ளே இருந்து ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். நடுவில் இறகு மாதிரி இரண்டு சூல்முடி. தேனீ, வண்டு எதையும் நம்பி இல்லை, தன் மகரந்தம் தன் மேலேயே கொட்டிக்கொள்ளும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். மறுபடி உமி மூடிவிடும். அந்தப் பூ அதற்கப்புறம் திறக்காது. மகரந்தத் தூளுக்கு உயிர் சில நிமிஷங்கள்தான். ஒரு கதிரில் மேலிருந்து கீழாக எல்லாப் பூவும் பூத்து முடிய ஒரு வாரம் ஆகும்.

அந்த ஒரு வாரக் காலைகளில் விடாத அடைமழை என்றால் பாதி பதர்தான். வெயில் 35 டிகிரிக்கு மேலே கொளுத்தினாலும் மகரந்தம் கெட்டு அதே கதி. நம்ம பக்கம் பெரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகை முன்பாதியிலும். அப்போது பயிர் பச்சையாக, பூக்காமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மழை கொஞ்சம் ஓய்ந்து காலை வெயில் வருகிறபோது பூக்க வேண்டும். பனியில் பால் பிடித்து முற்ற வேண்டும். மழை முழுசாக விட்ட தையில் அறுக்க வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் இது சரியாக நடக்கும் என்று இல்லை. 2015 மாதிரி டிசம்பர் தொடக்கத்தில் கொட்டினால் எந்த நெல்லும் தப்பாது. ஆனால் நூறு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் எந்த வாரம் பூத்தால் பிழைப்பு அதிகம் என்று அந்த நெல் 'கற்று' வைத்திருக்கிறது. கற்றது என்றால் பள்ளிக்கூடம் போய் இல்லை. மழையில் பூத்த செடி பதராகி விதை தராமல் போச்சு. தப்பிப் பூத்த செடியின் விதையை நம்ம ஆட்கள் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைத்தார்கள். இப்படி எத்தனை நூறு தலைமுறை!

காஞ்சிபுரத்து நெசவாளர்களும் இந்த மாதக் கணக்கைத் தெரிந்தவர்கள்தான். பட்டுப் பாவுக்கு அரிசிக் கஞ்சி போட்டுத் தெருவில் விடியற்காலை நீட்டிக் காய வைப்பார்கள். ஐப்பசி அடைமழையில் பாவு காயாது, தறிக்குழியில் தண்ணீர் ஊறும், தறி நின்றுவிடும். மழை விடுகிற வரைக்கும் நெல்லும் தறியும் ஒன்றாகக் காத்திருக்கும்.

ஏரியின் பயிர்

இப்போது ஏரிக்கு வருகிறேன். காவிரிக் கரையில் மேட்டூர் அணை திறக்கிற தேதி என்று ஒன்று உண்டு. தொண்டை மண்டலத்தில் அது கிடையாது. பாலாறு எப்போதோ வரும், போய்விடும். இங்கே எல்லாம் ஏரிதான். வானம் பார்த்த ஏரி. ஒரு வருடம் ஆவணி மழையிலேயே பாதி நிரம்பும். இன்னொரு வருடம் ஐப்பசி வரைக்கும் வெடிப்பு விட்டுக் கிடக்கும். எப்போது நாற்று விட முடியும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த மாதிரி இடத்தில் 'நாள் கணக்கு' நெல் வைத்தால் என்ன ஆகும்? ஆடியில் விட்டால் ஒரு நாள் பூக்கும், புரட்டாசியில் விட்டால் இன்னொரு நாள் பூக்கும். ஒரு ஏரிப் பாசனத்தில் ஐம்பது பேர் வயல் இருந்தால் ஐம்பது தேதி. ஒருத்தருக்கு அறுப்புக்குத் தண்ணீர் வடிய வேண்டும், பக்கத்து வயலுக்குக் கதிர் பால் பிடிக்கத் தண்ணீர் வேண்டும். சண்டைதான். தேதி தெரிந்த நெல் என்றால் முன்னே பின்னே நட்டாலும் எல்லாம் ஒரே வாரம் பூக்கும், ஒரே வாரம் முற்றும். லேட்டாக நட்டவனுக்குத் தூர் குறையும், மகசூல் குறையும், ஆனால் வெறுங்கையோடு போக மாட்டான். மதகை எப்போது மூடுவது என்பதில் ஊருக்கே ஒரே கணக்கு. நீர்க்கட்டி ஒருத்தர் மண்வெட்டியோடு ஏரி முழுக்கப் பார்த்துக்கொள்ள முடிந்தது இதனால்தான் என்பது என் எண்ணம்.

ஏரி வெட்டினவர்கள் கதை எல்லோரும் படித்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஊர். அங்கே கிடைத்த பல்லவர் செப்பேடு ஏழாம் நூற்றாண்டுப் பரமேசுவரவர்மன் காலத்தது. பரமேசுவரத் தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றில் இருந்து வெட்டின பெரும்பிடுகு வாய்க்காலையும் அது சொல்கிறது. அரசன் பேர் ஏரிக்கு வைத்தார்கள், கவனியுங்கள். கோவிலுக்கு வைத்த மாதிரியே.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவில் சுவருக்கு எங்கள் ஊரில் இருந்து பைக்கில் போய்விடலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டு, 919, 921-ம் வருடத்தவை. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அப்படி எடுத்த பேரில் ஆறு பேர் ஏரி வாரியம். தோட்டங்களுக்குத் தனி வாரியம். முந்தி பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்தில் போடவே கூடாது. எனக்குப் பிடித்தது அந்த வரிதான்.

எல்லோரும் அதை ஜனநாயகம் என்று கொண்டாடுகிறார்கள். சரிதான். ஆனால் நிலம் இருக்கிறவர்களுக்கும் வேதம் படித்தவர்களுக்கும் மட்டும் உண்டான ஜனநாயகம் அது. சேற்றில் நின்று நாற்று நட்டவர்கள் பேர் குடத்துக்குள் போகவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, பட்டம் பட்டமாக விதையைப் பொறுக்கி வைத்த பெண்கள் பேர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் எழுதினது விதையில் மட்டும்தான் இருக்கிறது.

கும்பினி வந்தது

1763-ல் ஆற்காட்டு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதுதான் பிற்பாடு செங்கல்பட்டு ஜில்லா. கைக்கு வந்த நிலம் என்ன விளையும் என்று தெரிய வேண்டாமா? தாமஸ் பார்னார்டு என்ற இஞ்சினியரை விட்டு 1767 முதல் 1774 வரை சுமார் இரண்டாயிரம் கிராமங்களைக் கணக்கெடுத்தார்கள். எத்தனை காணி நஞ்சை, எத்தனை புஞ்சை, எத்தனை ஏரி, எத்தனை வீடு, களத்தில் குவிந்த நெல்லில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு. ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதின கணக்கும் உண்டு. காந்தியவாதி தரம்பால் இந்தக் கணக்குகளை வெளியே கொண்டுவந்து பேசியதால்தான் நம்ம காலத்தில் இவை தெரியவந்தன.

அந்தக் கணக்கில் எனக்குச் சுவையானது பங்குதான். அரசாங்கத்துக்கு முன்னாலேயே களத்தில் நெல் பிரியும். கோவிலுக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வெட்டியானுக்கு, கணக்கருக்கு, ஏரிக்கு. ஏரிக்கும் ஒரு பங்கு! கரை போட, வண்டல் எடுக்க. பிறகு வரியைக் காசாக்கி மேலே இழுத்துக்கொண்டபோது ஏரியின் பங்கு காணாமல் போச்சு.

அந்தக் கும்பெனி ஆட்களில் ஒருத்தர் லயனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டர். கறாரான வரி வசூல்காரர், ஆனால் ஏரிகளைப் பழுது பார்க்கப் பணம் செலவழித்தவர். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு அவர் நகை கொடுத்ததாகச் சொல்வார்கள். மதுராந்தகம் ஏரி உடையப்போன ராத்திரியில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றதை அவர் பார்த்தார் என்பது கதை. அதனால்தான் அந்த சாமிக்கு ஏரி காத்த ராமர் என்று பேர். கதை இருக்கட்டும். கலெக்டர் கொட்டும் மழையில் ராத்திரி ஏரிக்கரையில் நின்றார் என்பதே எனக்குப் பெரிய சேதி. கரை உடைந்தால் சம்பா போச்சு, சம்பா போனால் வரி போச்சு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தேதி மறந்த நெல்

1912-ல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கோனாமணி என்ற பழைய ரகத்துக்கு நடுவே தானாக மாறி நின்ற ஒரு செடியைப் பார்னல் என்ற தாவரவியல் அதிகாரி தனியாக எடுத்து வளர்த்தார். அவருடைய பதவியின் பேரே நெல்லுக்கு வைத்து 1921-ல் வெளிவந்தது ஜி.இ.பி. 24. சன்ன அரிசி. நீங்கள் இன்றைக்குக் கடையில் வாங்கும் பி.பி.டி. 5204-ன் வம்சாவளியில் இந்த நெல் இருக்கிறது.

நம்ம பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கும் ஒரு பெருமை உண்டு. இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திரூர்குப்பத்தில் 1940-களில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஜி.இ.பி. 24-ஐயும் கோ 18-ஐயும் ஒட்டி அங்கே டி.கே.எம். 6 உருவாக்கினார்கள். 1952. 'ஒட்டுவது' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு மணி நேரக் கல்யாணத்துக்கு முன்னால் போய், உமியைத் திறந்து, ஆறு மகரந்தப் பையையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறு நெல்லின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். ஒரு கதிருக்கு ஒரு காலை போய்விடும். டி.கே.எம். 6-க்குத் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் இருந்தது. பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை வாங்கிக்கொண்டு போய் ஐ.ஆர். 20-க்குத் தகப்பனாக்கியது. பிறகு வந்த ஐ.ஆர். 36-லும் அதன் ரத்தம் உண்டு. 1980-களில் உலகத்திலேயே அதிகமாகப் பயிரான நெல்களில் அது ஒன்று. திரூர்குப்பம் என்ற பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1966-ல் ஐ.ஆர். 8 வந்தது. எங்கள் அப்பா காலத்து ஆட்கள் 'எட்டு' என்றே சொல்வார்கள். தைவான் குட்டை நெல் ஒன்றையும் இந்தோனேசியாவின் நெட்டை நெல் ஒன்றையும் கலந்தது. அதில் இரண்டு பெரிய மாற்றம். ஒன்று, குட்டை. தண்டை நீட்டும் ஜிப்ரலின் என்ற சத்து அதில் குறைவாகச் சுரக்கும். அதனால் உரம் போட்டால் சாயாது. இது எல்லோரும் பேசுவது. இரண்டாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதற்குத் தேதி தெரியாது. இரவின் நீளத்தைப் பார்க்காது. விதைத்து நூற்றுமுப்பது நாள் போனால் அறுப்பு. சித்திரையோ, மார்கழியோ, எந்த மாதமும் அதற்கு ஒன்றுதான்.

இது எவ்வளவு பெரிய விடுதலை என்று இப்போது எனக்குப் புரிகிறது. 1960-களில் தமிழ்நாட்டில் அரிசிக்கு இருந்த தட்டுப்பாட்டைக் கண்டவர்கள் இந்த நெல்லைத் திட்ட மாட்டார்கள். எங்கள் பெரியவரே திட்டியதில்லை. "எட்டு வந்தப்புறம்தாம்பா நாங்க மூணு வேளையும் சோறு பாத்தோம்" என்பார். கிணறு, மோட்டார், எட்டு. இந்த மூன்றும் சேர்ந்துதான் சொர்ணவாரியும் நவரையும் எங்கள் ஊரில் இவ்வளவு பெருகின.

ஆனால் ஏரியைப் பார்த்து நெல் வைத்த காலம் முடிந்தது. கிணறு இருக்கிறவன் அவனவன் இஷ்டத்துக்கு நட்டான். பக்கத்துப் பக்கத்து வயலில் ஒன்று நாற்று, ஒன்று கதிர். வருடம் பூரா பச்சை இருப்பதால் பூச்சிக்கும் வருடம் பூரா விருந்து. ஏரிக்கரைக்கு யாரும் போவதில்லை. மதகு துருப்பிடித்தது, கலங்கல் இடிந்தது, வாய்க்காலில் வீடு வந்தது. ஐம்பதே வருடத்தில் என்னை மாதிரி ஒருத்தன், விவசாயி வீட்டில் பிறந்தவன், நெல்லுக்குத் தேதி உண்டு என்பதே தெரியாமல் சித்திரையில் சம்பா விட்டான்.

தெருவிளக்கு

மறு வருடம் ஆடியில் ஒழுங்காகச் சம்பா விட்டேன். கார்த்திகையில் பூத்தது. நன்றாக வந்தது. அதற்கடுத்த வருடம் எங்கள் வயலோரம் போகும் ரோட்டில் புது எல்.இ.டி. விளக்கு போட்டார்கள். பால் மாதிரி வெளிச்சம். ஊருக்கே சந்தோஷம்.

கார்த்திகையில் வயல் முழுக்கக் கதிர். விளக்குக் கம்பத்தைச் சுற்றி மட்டும் ஒரு பிறை மாதிரி பச்சைத் திட்டு. கதிர் இல்லை. உரம் அதிகமாச்சோ, நோயோ என்று பிடுங்கிப் பார்த்தேன். வேர் சுத்தம், தண்டு சுத்தம். ராத்திரி போய் நின்றபோதுதான் புரிந்தது. வெளிச்சம் விழும் இடமும் பச்சைத் திட்டும் அச்சு அசல் ஒன்று. 1938-ல் ஹாம்னரும் பானரும் விளக்கைப் போட்டுச் செய்த சோதனை என் வயலில் நடந்துகொண்டிருந்தது. அந்த நெல்லுக்கு இன்னும் இரவே வரவில்லை. ஆடி மாதம் என்றே நினைத்துக்கொண்டு நின்றது.

விளக்கை அணைக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். மனு எழுதக்கூட உட்கார்ந்தேன். ராத்திரி பதினொன்றரைக்குக் கம்பெனி பஸ் வந்து அந்தக் கம்பத்தடியில்தான் நிற்கும். எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஷிப்டு முடிந்து இறங்கி அந்த வெளிச்சத்தில் வீட்டுக்கு நடப்பார்கள். அதில் ஒருத்தி தெருக்கோடிப் பெரியவரின் பேத்தி. விளக்கு வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் அந்த இருட்டில் பாம்பை மிதிக்கப் பார்த்து ஓடிவந்தவள். மனுவை மடித்து வைத்துவிட்டேன்.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். படுக்கையோடு இருந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வெளக்கு பக்கத்துல எட்டு போடு. அதுக்குத்தான் ராவு பகல் கெடையாதே. உள்ள தள்ளி சம்பா போடு."

அவ்வளவுதான். இப்போது அப்படித்தான் செய்கிறேன். ரோட்டோரம் ஏழு சென்ட் அளவுக்குக் குட்டை ரகம். 'எட்டு' இப்போது விதைக்குக் கிடைப்பதில்லை, அதன் பேரப்பிள்ளை ரகம் ஒன்று. அது நாளை எண்ணிப் பூக்கிறது. உள்ளே சம்பா, அது இரவை அளந்து பூக்கிறது. ஒரே வயலில் ஆயிரம் வருடத்து நெல்லும் அறுபது வருடத்து நெல்லும். நடுவில் ஒரு வரப்பு.

பெரியவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் போனது ஒரு கார்த்திகையில், சம்பா பூத்த வாரம். அவர் பேத்திதான் இப்போது ஆடியில் எனக்கு விதை பொறுக்கித் தருகிறாள். அந்த வேலையைத் தாத்தாவிடம் இருந்து கற்றுக்கொண்டாளாம், எனக்கே தெரியாது. போன வாரம் மூட்டையில் இருந்து ஒரு கை நெல்லை எடுத்து ஊதிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வெளக்குப் பக்கத்துக் கதிரு இதுல கலந்திருக்கு. விதைக்கு ஆவாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுபடி பொறுக்க உட்கார்ந்திருக்கிறேன். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது.